மண்மூட்டை வளைவுக் கூரை: எது தாங்கும், யார் சுமப்பது?

தமிழ்நாட்டில் கூரையின் வரலாறு சாதியின் வரலாற்றோடு பிணைந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித் மக்கள் அந்தக் கூரையோடு எரித்துக் கொல்லப்பட்டனர். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அதனை ஒட்டிய குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டுத் தீயிடப்பட்டன. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைக் கடந்தபோது ஓலைக் கூரையும் தகரக் கூரையும் பறந்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளே. எரியாத, பறக்காத, ஒழுகாத கூரை என்பது நம் மக்களின் நெடுநாளைய கோரிக்கை.

இந்தப் பின்னணியில்தான் மாற்றுக் கட்டுமானம் பேசுவோர் முன்வைக்கும் ஒரு முறையை நாம் ஆராய வேண்டியிருக்கிறது. சாக்கில் மண்ணை நிரப்பி, அடுக்கி, இடித்து, சுவரோடு கூரையையும் மண்ணாலேயே வளைத்து முடிக்கும் முறை அது. மரம் வேண்டாம், கம்பி வேண்டாம், சூளைச் செங்கல் வேண்டாம். தீப்பிடிக்காது, காற்றில் பறக்காது என்று அதற்காக வாதிடுகிறார்கள். இவற்றில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் தலைக்கு மேலே பல டன் மண்ணை நிறுத்துவது விளையாட்டன்று. அந்தக் கூரை எவ்வாறு நிற்கிறது, எப்போது விழும், அதைக் கட்டும் உழைப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அதை வரவேற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

போர்க்களத்திலிருந்து வந்த வீடு

மண்மூட்டை முதலில் வெள்ளத்தடுப்புக்கும் பதுங்குகுழிக்கும் பயன்பட்டது. 1970களில் ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்தில் கெர்னாட் மிங்கே இதை வீடு கட்டப் பயன்படுத்தும் ஆய்வுகளை நடத்தினார். 1978இல் குவாத்தமாலாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் மாதிரி வீடு ஒன்றும் இவ்வகையில் எழுப்பப்பட்டது. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி 1984இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தொடர்புடைய கருத்தரங்கில் நிலவில் வீடு கட்டுவது குறித்துப் பேசியபோது, அங்குள்ள மண்ணையே கட்டுமானப் பொருளாகக் கொள்ளலாம் என்றார். பிறகு கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் நீண்ட குழாய் வடிவச் சாக்குகளையும் முள்கம்பியையும் கொண்டு குவிமாடங்களைக் கட்டிச் சோதித்தார். 1995இல் ஈரானின் பனிநஜார் முகாமில் ஈராக்கிய அகதிகளுக்காக இவ்வகைக் குவிமாடங்கள் எழுந்தன. இப்பணிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. போருக்குரிய சாக்கும் முள்கம்பியும் அகதியின் வீடாக மாறியது இதன் சிறப்பு.

முறை எளிது. மேல்மண்ணை நீக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஏழு பங்கு மணலும் மூன்று பங்கு களியும் கலந்த மண் ஏற்றது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் போதும். உரமூட்டை, அரிசிமூட்டையாக நாம் அறிந்த நெகிழிச் சாக்கில் அதை நிரப்பி, செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி அடுக்கி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே இரண்டு இழை முள்கம்பி ஓடும். அதன் முட்கள் மேல்சாக்கையும் கீழ்ச்சாக்கையும் கவ்விப் பிடிப்பதால் அதுவே சாந்தாகிறது. மண்ணுக்கு இழுவையைத் தாங்கும் வலு இல்லை. அந்த வலுவை முள்கம்பி தருகிறது.

செங்கல் தேவைப்படாது என்பது நமக்குச் சிறிய செய்தி அன்று. முன்பணத்தைக் கொடுத்துக் குடும்பத்தையே பூட்டிவைக்கும் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாக எழுதப்பட்டாலும், செங்கல் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் மீட்கப்படும் செய்திகள் இன்றும் வருகின்றன. சூளையைச் சாராத ஒரு சுவர் என்பது அந்த அளவில் அரசியல் பொருள் கொண்டது.

குவிமாடம் நிற்கும், வளைவுக் கூரை ஏன் தள்ளும்?

மண்மூட்டையால் கட்டி வெற்றி கண்ட கூரைகளில் பெரும்பாலானவை குவிமாடங்கள். நம்மூர் உறைகிணற்றை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். சுற்றிலுமுள்ள மண் உறையை உள்நோக்கி அழுத்துகிறது. உறை வட்டமாக இருப்பதால் அதன் ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியை நெருக்கிப் பிடித்துக்கொண்டு விழாமல் நிற்கிறது. குவிமாடத்திலும் ஒவ்வொரு வளையமும் கீழ்வளையத்தைவிடச் சற்றே உள்வாங்கி வைக்கப்படுகிறது. மூட்டைகள் உள்ளே சரிய முயன்றால் ஒன்றையொன்று நெருக்கும். ஆகவே கட்டிக்கொண்டிருக்கும்போதே அது தன்னைத் தாங்கிக்கொள்கிறது. கீழே முட்டுக்கொடுக்கும் பலகை தேவையில்லை.

அறை நீளமாக இருந்தால் வட்டம் இல்லை. நெருக்கிப் பிடிக்கும் வளையமும் இல்லை. இரண்டு நேர்ச்சுவர்களின் மேல் கவிழ்த்த பீப்பாய் போல அமையும் கூரையையே இங்கு வளைவுக் கூரை என்கிறோம். இதில் மூட்டைகளை உள்வாங்கி அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முழு வரிசையும் உள்ளே கவிழ்ந்துவிடும். எனவே இது முறையான வில்வளைவாகவே கட்டப்பட வேண்டும். அதாவது, வளைவு வடிவில் செய்த சென்ட்ரிங் பலகையின் மேல், ஆப்பு வடிவப் பெட்டியில் வைத்து நிரப்பிய மூட்டைகளை இரு பக்கமும் சம அளவில் ஏற்றி வர வேண்டும். உச்சியில் இறுக்கு மூட்டைகளை வைத்து இடித்து முடிக்கும் வரை பலகையைத் தொடக்கூடாது. பிறகு ஆப்புகளை மெல்லத் தளர்த்திப் பலகையை இறக்கி, அடுத்த பகுதிக்கு நகர்த்தலாம். மரமே வேண்டாம் என்ற வாதம் இந்த இடத்தில் அடிபடுகிறது. திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு சென்ட்ரிங் சட்டமாவது தேவை.

அதைவிட முக்கியமானது பக்கத் தள்ளல். கான்கிரீட் தளம் தன் எடையை நேராகக் கீழே இறக்குகிறது. வளைவோ சுவரைக் கீழே அழுத்துவதோடு வெளிநோக்கியும் தள்ளுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 3 மீட்டர் அகலமுள்ள அறைக்கு 38 செ.மீ. தடிப்பில் அரைவட்டக் கூரை போட்டால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 2 கன மீட்டர் மண் மேலே நிற்கும். ஒரு கன மீட்டருக்கு 1,800 கிலோ எனக் கொண்டால் அதன் எடை 3.6 டன். அதே அகலத்துக்கு 12 செ.மீ. கான்கிரீட் தளம் ஏறத்தாழ 1 டன்தான். ஆக, மண்மூட்டைக் கூரை மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. அத்துடன் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் இரு சுவர்களையும் அரை டன்னுக்குக் குறையாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இத்தள்ளல் ஒரு நாளும் ஓயாது. வளைவின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் தள்ளல் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பக்கவாட்டு விசையைத் தாங்காத சுவர் என்ன செய்யும் என்பதைச் சேரிகள் அறியும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனியை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து வீடுகளின் மீது விழுந்து 17 பேர் இறந்தனர். அச்சுவர் எழுந்ததற்குப் பின்னால் தீண்டாமை இருக்கிறது. அது விழுந்ததற்குப் பின்னால் பக்க விசைக்கு எதிர்நிற்கும் வலுவில்லாத கட்டுமானம் இருக்கிறது. உயரமான சுவரின் மேல் மண்வளைவை ஏற்றிவிட்டு முட்டு கொடுக்காமல் போனால், நம் வீட்டுச் சுவரே நமக்கு அவ்விதம் அமைந்துவிடும்.

பாதுகாப்பாகக் கட்டுவது எப்படி?

முதல் விதி அகலம். புர்கினா ஃபாசோவில் நூபிய வளைவு முறையைப் பரப்புவோர், மூட்டையைவிடப் பன்மடங்கு இலேசான பச்சைச் செங்கல்லைக் கொண்டே 3.25 மீட்டர் அகலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூட்டை வளைவு அந்த அளவைத் தாண்டுவதற்கு நியாயமே இல்லை. அறையை நீளமாக்கலாம், அகலமாக்கக் கூடாது.

இரண்டாவது வடிவம். தாழ்ந்த வளைவு தள்ளும். உயர்ந்த வளைவு குறைவாகத் தள்ளும். எதிர்ச்சுவரின் அடியை மையமாக வைத்து, அகலத்தையே ஆரமாகக் கொண்டு இரு பக்கமும் வரைந்தால் கூர்முனை வளைவு கிடைக்கும். 3 மீட்டர் அகலத்துக்கு அதன் உயரம் 2.6 மீட்டர். வேறொரு வழியும் உண்டு. சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் கோட்டைப் பலகையில் வரைந்து, தலைகீழாக நிறுத்தினால் அதுவே தன் எடையைத் தாங்க உகந்த வளைவு. தொங்கும் சங்கிலிக்கும் நிற்கும் வளைவுக்கும் உள்ள இந்த உறவை இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1675இல் புதிர் வடிவில் வெளியிட்டார். கணக்குத் தெரியாத கொத்தனாரும் ஒரு சங்கிலியைக் கொண்டு இதைச் செய்துவிட முடியும்.

மூன்றாவது முட்டு. வளைவைத் தரைக்கு அருகிலிருந்தே தொடங்கினால் தள்ளல் அடித்தளத்துக்குள் இறங்கிவிடும். சுவர் எழுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் அதன் தலையில் கான்கிரீட் பெல்ட், இரு சுவர்களையும் இணைக்கும் இரும்புக் கம்பி, வெளியே முட்டுச்சுவர் ஆகியவை வேண்டும். இவற்றில் எவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு அறைகளின் வளைவுகளைப் பக்கம் பக்கமாக அமைத்தால் நடுச்சுவரில் இரு தள்ளல்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வெளிச்சுவர்களுக்கு மட்டும் முட்டு போதும். கதவும் பெரிய சன்னலும் வளைவு அமராத முன்சுவரிலும் பின்சுவரிலும் இருக்க வேண்டும். சுமைதாங்கும் நீளச்சுவரைக் குடைவது ஆபத்து.

நான்காவது நீர். ஹெஸ்பீரியாவும் பனிநஜாரும் வறண்ட நிலங்கள். நமக்கோ வடகிழக்குப் பருவமழை உண்டு. வளைவுக் கூரையில் தாழ்வாரம் இல்லாததால் கூரையில் விழும் மழை முழுவதும் சுவரில் வழியும். ஆகவே அடியிலுள்ள வரிசைகளில் மண்ணுக்குப் பதில் சரளை நிரப்ப வேண்டும். தரையை மேடாக்க வேண்டும். மண்ணில் சிறிது சுண்ணாம்போ சிமெண்டோ கலக்க வேண்டும். வெளியே நல்ல சுண்ணாம்புப் பூச்சு வேண்டும். அந்தப் பூச்சில் விழும் வெடிப்பை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அடைக்க வேண்டும். வெயிலில் விட்ட நெகிழிச் சாக்கு சில மாதங்களில் மக்கி உதிரும் என்பதால் பூச்சைத் தள்ளிப்போடவும் கூடாது. காவிரிப் படுகையின் கனத்த களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் வெடிக்கும். அங்கே மணல் கலக்காமல் இம்முறை பயன்படாது. மணலோ இன்று மலிவான பொருள் அன்று.

ஐந்தாவது நிலநடுக்கம். 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரில் 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கனத்த மண்கூரைகளும் மண்சுவர்களும் இடிந்து விழுந்தது அத்தனை உயிரிழப்புக்கு ஒரு முக்கியக் காரணம். மாறாக, 2015இல் நேபாள நிலநடுக்கத்தில் மண்மூட்டைச் சுவர் கொண்ட பள்ளிக் கட்டடங்கள் சில பெரிய சேதமின்றி நின்றன. அவற்றின் சுவர் மண்மூட்டை. கூரையோ இலேசான தகரம். இந்த வேறுபாட்டை மறைத்து, நேபாளத்தில் நின்றது, ஆகவே இங்கே கூரையும் நிற்கும் என்று வாதிடுவது நேர்மையன்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. சுவருக்கு மண்மூட்டை பொருத்தமானது. வட்ட அறைக்குக் குவிமாடமும் பொருத்தமானது. நீள்அறையின் கூரைக்கு மூட்டையைவிட மெல்லிய மண்கல்லே சிறந்தது. நூபிய முறையில் முதல் வளைவைப் பின்சுவரில் சாய்த்து ஒட்டி, ஒவ்வொரு வளைவையும் முந்தைய வளைவின் மேல் ஒட்டிக்கொண்டே வருவதால் சென்ட்ரிங்கும் தேவையில்லை. எகிப்தின் இராமேசியத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பச்சைச் செங்கல் வளைவுகள் இன்றும் உள்ளன. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் அழுத்திச் செய்த மண்கற்களால் 10 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்கு வளைவுக் கூரை கட்டியிருக்கிறது. அதாவது இந்த அறிவு விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சேரிகளின் கூரைக்கு அது ஏன் வந்து சேரவில்லை என்பதே நம் கேள்வி.

மண்ணின் இழிவும் உழைப்பின் கணக்கும்

மண்வீடு சூழலுக்கு இசைந்தது, குளிர்ச்சியானது என்று நகரத்தார் புகழும்போது நம் மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது என்பதும் ஒன்று. மண் நம் விருப்பமாக இருந்ததில்லை. நம் மீது சுமத்தப்பட்டது. அதனால்தான் சிமெண்ட் வீடு சேரியில் சுயமரியாதையின் அடையாளமாயிற்று. வசதி படைத்தவர் விரும்பிக் கட்டும் மண்வீடும், வேறு வழியின்றி ஏழைக்குக் கட்டித்தரப்படும் மண்வீடும் ஒன்றல்ல.

எகிப்திலிருந்து இதற்கு ஒரு பாடம் உண்டு. 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், லக்சர் அருகே பழங்காலக் கல்லறைகளின் மேல் வாழ்ந்த குர்னா மக்களை அப்புறப்படுத்தி வேறிடத்தில் குடியமர்த்தும் அரசுத் திட்டத்துக்காக ஒரு புதிய ஊரை வடிவமைத்தார். நூபியக் கொத்தர்களிடமிருந்து கற்ற வளைவுகளும் குவிமாடங்களும் கொண்ட அழகான ஊர் அது. மக்கள் குடியேற மறுத்தார்கள். வாழ்வாதாரமாக இருந்த இடத்தைவிட்டுப் போக அவர்கள் விரும்பவில்லை. குவிமாடமோ அவர்கள் பகுதியில் சமாதிகளுக்கு உரிய வடிவம் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஊர் முழுமையடையவேயில்லை. ஏழைகளுக்கான கட்டடக்கலை பற்றி ஃபாத்தி எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது.

இதற்கு மாறான பாதை புர்கினா ஃபாசோவில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் தோமா கிரானியே என்ற பிரெஞ்சுக் கொத்தனாரும் செரி யூலு என்ற உள்ளூர் விவசாயியும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, நூபிய வளைவை எளிய அளவுகளுக்குள் வரையறுத்து, கிராமத்து உழவர்களைக் கொத்தர்களாகப் பயிற்றியது. ஒருவர் கற்று அடுத்தவருக்குக் கற்றுத்தருகிறார். அது அவருக்குக் கூலி தரும் தொழிலாகிறது. அறிவு யார் கையில் நின்றது என்பதே இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு.

உழைப்பைக் கணக்கிடாமல் மலிவு என்று சொல்வதும் ஏமாற்றே. மேலே சொன்ன 3 மீட்டர் அகல அறை 4.5 மீட்டர் நீளம் இருந்தால், கூரைக்கு மட்டும் 16 டன் மண் மேலே ஏற வேண்டும். ஒரு சட்டிக்கு 20 கிலோ என்றால் 800 சட்டி. அந்தச் சட்டியைச் சுமக்கப்போவது யார் என்பதை நாம் அறிவோம்: நாள் முழுதும் கட்டட வேலைக்குப் போய், கொத்தனாரைவிடக் குறைந்த கூலி பெறும் சித்தாள் பெண்கள். சொந்த வீடுதானே, தானே கட்டிக்கொள்ளட்டும் என்று அவர்கள் உழைப்பைக் கழித்துவிட்டுத்தான் மண்மூட்டை வீட்டின் விலை மலிவாகக் காட்டப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்ற இடத்து மண்ணை எடுத்துக் கட்டும் வீடு என்கிறார்கள். எடுக்க மண் வேண்டுமென்றால் முதலில் நிலம் வேண்டும். பஞ்சமி நிலங்கள் மீட்கப்படாமலும், குடியிருக்கும் மனைக்குப் பட்டா கிடைக்காமலும் இருக்கும் குடும்பத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் எதையும் தராது.

நாம் கோருவது என்ன?

2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டம் சமவெளிப் பகுதிக்கு நிர்ணயித்த தொகை 1.20 லட்சம் ரூபாய். தொகை போதாமல் கடன் வாங்கிக் கட்டியவர்களையும், பழைய தொகுப்பு வீடுகளில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் கூரைக்குக் கீழே உறங்குபவர்களையும் நாம் அறிவோம். கான்கிரீட் என்பதாலேயே கூரை பாதுகாப்பாகிவிடாது. மண் என்பதாலேயே அது ஆபத்தாகிவிடாது. இரண்டிலும் தரத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதே முதன்மை.

ஆகவே மண்மூட்டைச் சுவரையோ மண் வளைவுக் கூரையையோ தலித் குடியிருப்புகளுக்குப் பரிந்துரைப்பவர்கள், தன்னார்வ நிறுவனமானாலும் அரசுத் துறையானாலும், கீழ்க்காணும் நிபந்தனைகளை ஏற்க வேண்டும்:

1. மனைப் பட்டா முதலில், அதுவும் வீட்டுப் பெண்ணின் பெயரில். பிறகே கட்டுமானம்.

2. கான்கிரீட் வீட்டுக்கான முழு மானியமும் குறையாமல் வழங்கப்பட வேண்டும். மண்வீடு என்பதற்காகத் தொகையைக் குறைக்கக் கூடாது. எந்தக் கூரை என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கும்.

3. மாதிரிக் கட்டடம் முதலில் சேரியில் எழும்பக் கூடாது. வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ, ஊரின் பொதுக் கட்டடமாகவோ கட்டி, குறைந்தது இரண்டு பருவமழையைக் கண்ட பிறகே வீடுகளுக்கு வர வேண்டும். சோதனைக்கு நம் மக்களின் உயிர் பொருளாகக் கூடாது.

4. ஒவ்வொரு வளைவுக்கும் பொறியாளரின் கையொப்பமிட்ட கணக்கு வேண்டும். அகலம், உயரம், முட்டு ஆகிய மூன்றும் அதில் தமிழில் எழுதப்பட்டு வீட்டாரிடம் கொடுக்கப்பட வேண்டும்.

5. கட்டும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி உண்டு, சொந்த வீடானாலும். ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிகளில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்டுவந்த 90 நாள் வேலை இந்த உழைப்புக்குப் போதாது. கூடுதல் நாள்கள் சேர்க்கப்பட வேண்டும்.

6. சித்தாளாக வேலை செய்யும் பெண்கள் கொத்தனாராகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழுடன் வெளிவர வேண்டும். வளைவு கட்டும் திறன் சேரிக்குள் தங்க வேண்டும்.

7. பத்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்பை, கட்டித்தரும் நிறுவனமே எழுத்தில் ஏற்க வேண்டும்.

இந்நிபந்தனைகளை ஏற்பவர்களோடு பேச நாம் அணியமாக இருக்கிறோம். ஏற்காதவர்கள், தாங்கள் புகழும் கூரையைத் தங்கள் வீட்டுக்கு மேல் கட்டி, அதன் கீழே ஓர் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கழித்துவிட்டு வரட்டும்.